செல்ஃப் டிரைவ் கார் விபத்தில் சிக்கினால்: முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

கேள்வி இதுதான். சென்னையில் ஒரு டிராவல்ஸில் செல்ஃப் டிரைவ் கார் எடுத்து, நண்பருடன் பாண்டிச்சேரிக்குக் கிளம்பியிருக்கிறார் ஒருவர். திண்டிவனத்துக்குச் சற்று முன்னால் ஒரு பைக்குடன் மோதல். பைக்கில் வந்தவருக்குத் தொடை எலும்பு முறிவு, கார் ஓட்டியவருக்குக் கை முறிவு, பக்கத்து சீட்டு நண்பருக்குத் தலையில் தையல். போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டு காரை ஸ்டேஷனில் நிறுத்தியிருக்கிறது. டிராவல்ஸ்காரர் ரிப்பேர் செலவு, கார் ஓடாத நாட்களுக்கு வாடகை என்று ரூ.1,85,000 கேட்கிறார். டெபாசிட்டையும் தர மறுக்கிறார். கார் எடுக்கும்போது வாங்கி வைத்த, தொகை எழுதாத செக் வேறு அவர் கையில் இருக்கிறது. "நான் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், எனக்கு யாரிடமிருந்து என்ன வரும்?" என்று கேட்கிறார்.

ரூ.1,85,000 பெரிய தொகைதான். ஆனால் உங்கள் தலைக்கு மேல் தொங்குவது அது அல்ல. பைக்கில் வந்தவர் போடப்போகும் நஷ்டஈட்டு வழக்குதான் பெரியது. அந்தத் தொகையை இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டுமா, சுற்றி வந்து உங்கள் வீட்டு வாசலில் நிற்குமா என்பதை முடிவு செய்வது, அந்தக் கார் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்ற ஒரே விஷயம். டிராவல்ஸ்காரரிடம் பேரம் பேசும் முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முறையாக செல்ஃப் டிரைவுக்கு விடப்படும் காரின் நம்பர் பிளேட் கறுப்பு நிறத்தில், மஞ்சள் எழுத்தில் இருக்கும். மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் டிரைவரோடு ஓடும் டாக்சி. வெள்ளை பிளேட் என்றால் ஓன் போர்டு, சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் வந்த 1989ஆம் ஆண்டு ரென்ட் எ கேப் திட்டப்படி, குறைந்தது 50 வண்டி வைத்திருப்பவருக்குத்தான் இந்தத் தொழிலுக்கு உரிமம். நாலு வண்டியை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விளம்பரம் செய்பவர்களுக்கு அது எப்படிக் கிடைத்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நண்பரின் நண்பர், மாமாவின் பழைய கார், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நம் ஊரில் கைமாறும் ஓன் போர்டு வண்டிகளுக்குக் கணக்கே இல்லை. எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் வாகன வகை, இன்ஷூரன்ஸ் எதுவரை என்பது உள்ளிட்ட விவரங்கள் வரும். இன்றே பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

முறையான வண்டி என்று வைத்துக்கொள்வோம். பைக்கில் வந்தவர் 166ஆம் பிரிவின் கீழ் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போடுவார். கோர்ட் வட்டாரத்தில் எம்.சி.ஓ.பி. என்பார்கள். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் என்று எங்கு வேண்டுமானாலும் போடலாம். சென்னையில் என்றால் அது சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போகும். ஓட்டியவர் என்ற முறையில் நீங்கள், ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளர், இன்ஷூரன்ஸ் கம்பெனி என மூவரும் எதிர்மனுதாரர்கள். கவனக்குறைவு உங்களுடையது என்று தீர்ப்பானாலும் தொகையைக் கட்டுவது இன்ஷூரன்ஸ் கம்பெனி. உயிரிழப்புக்கும் உடல் காயத்துக்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸில் உச்சவரம்பு கிடையாது. பொருள் சேதத்துக்கு மட்டும் பொதுவாக ரூ.7.5 லட்சம் வரை.

உச்சவரம்பு இல்லை என்பதன் எடை ஒரு கணக்குப் போட்டால்தான் புரியும். மாதம் ரூ.25,000 சம்பாதிக்கும் 32 வயதுக்காரர், சுயதொழிலோ நிரந்தரமற்ற வேலையோ செய்பவர், நான்கு பேரைக் காப்பாற்றுகிறவர், ஒரு விபத்தில் இறந்துவிட்டார் என்று வையுங்கள். ஆண்டு வருமானம் ரூ.3,00,000. உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டு பிரணய் சேத்தி தீர்ப்புப்படி எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் ரூ.4,20,000. அவருடைய சொந்தச் செலவுக்காகக் கால் பங்கைக் கழித்தால் ரூ.3,15,000. 2009ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணையில் அந்த வயதுக்குரிய பெருக்கு எண் 16. ஆக ரூ.50,40,000. இதற்கு மேல் ஈமச்சடங்குச் செலவு, குடும்பத்தார் துணையை இழந்ததற்கான தொகை, வட்டி எல்லாம் தனி. உங்கள் வழக்கில் உயிரிழப்பு இல்லை என்பது நிம்மதி. ஆனால் தொடை எலும்பு முறிவில் நிரந்தர ஊனம் என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால், அந்த ஊனம் அவர் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறதோ அந்த விகிதத்தில் இதே பெருக்கல் கணக்கு அங்கும் வரும்.

இப்போது வண்டி ஓன் போர்டு என்று வையுங்கள். 150ஆம் பிரிவு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சில எதிர்வாதங்களை அனுமதிக்கிறது. வாடகைக்கு ஓட்டும் பெர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு விட்டது அவற்றில் ஒன்று. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை, குடித்திருந்தார் என்பவையும் அதே பட்டியலில் உண்டு. இப்படிப்பட்ட பாலிசி மீறல்களில் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் பின்பற்றுவது, 2004ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் தீர்ப்புக்குப் பின் வேரூன்றிய 'பே அண்ட் ரிகவர்' முறை. அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கட்ட வேண்டும், பிறகு பாலிசிதாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். அடிபட்டவர் தப்பித்துவிடுவார். உரிமையாளர் மாட்டுவார். மாட்டிய உரிமையாளர், நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் "எல்லா இழப்புக்கும் வாடகைக்கு எடுத்தவரே பொறுப்பு" என்ற வரியைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வருவார். அந்த நிலையில் உங்கள் பதில், சட்டத்துக்குப் புறம்பாக வாடகைக்கு விட்ட வண்டியின் ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி செல்லாது என்பது. வாதம் வலுவானதுதான். கூடவே ஒன்றையும் அவருக்கு நினைவூட்டலாம்: பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவில் ரூ.10,000 அபராதமும் சிறைத் தண்டனையும் இருக்கிறது. நான் பார்த்தவரை, ரூ.1,85,000 என்று உரக்கப் பேசும் ஓன் போர்டுக்காரரின் குரல் இந்த இடத்தில் தணிந்துவிடும்.

லைசென்ஸ் பற்றிப் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். செல்ஃப் டிரைவ் கார் போக்குவரத்து வாகனமாகப் பதிவானதால், என் சாதாரண கார் லைசென்ஸ் செல்லாதோ என்று. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாக்கிவிட்டது. 7,500 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள வண்டிகளை எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸை வைத்தே ஓட்டலாம். அதேபோல ஒப்பந்தத்தில் பெயர் போடாத நண்பர் ஓட்டியிருந்தால் இன்ஷூரன்ஸே போச்சு என்று டிராவல்ஸ்காரர்கள் மிரட்டுவதுண்டு. அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள ஒப்பந்த மீறல். ஓட்டியவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால், அடிபட்ட மூன்றாம் நபரின் உரிமையை அது மட்டுமே பறிக்காது.

உங்கள் கை முறிவுக்கு வருவோம். இங்கே சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. கர்நாடகத்தில் ஒருவர், தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய பைக்கில் போய் மாட்டுவண்டியில் மோதி இறந்தார். அவர் குடும்பம் அந்த பைக்கின் இன்ஷூரன்ஸிடம் நஷ்டஈடு கேட்டது. நிங்கம்மா வழக்கு என்று அறியப்படும் 2009ஆம் ஆண்டு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வண்டியை வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார்; தன் இன்ஷூரன்ஸுக்கு எதிராகத் தானே மூன்றாம் நபர் ஆக முடியாது. வாடகைக்கு எடுத்து ஓட்டிய உங்களுக்கும் இதே வாதத்தை வைப்பார்கள். உரிமையாளர்-ஓட்டுநருக்கான ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடும், வண்டி ஒரு கம்பெனி பெயரில் இருந்தால் பாலிசியிலேயே இருக்காது. எனவே தவறு முழுக்க உங்களுடையது என்றால், உங்கள் மருத்துவக் காப்பீடு, அலுவலக குரூப் பாலிசி, டெபிட் கார்டோடு வரும் விபத்துக் காப்பீடு, கார் எடுக்கும்போது கூடுதல் பணம் கட்டி வாங்கிய டிரிப் பாதுகாப்பு ஆகியவற்றில்தான் தேட வேண்டும்.

ஆனால் தவறு முழுக்க உங்களுடையதுதானா? எஃப்.ஐ.ஆர். உங்கள் மேல் இருக்கிறது என்பதால் தீர்ப்பாயம் கண்ணை மூடிக்கொண்டு உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடாது. கார் மோதினால் கார்க்காரர் மேல் எஃப்.ஐ.ஆர். என்பது நம் நெடுஞ்சாலைகளில் ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. பைக் எதிர்த்திசையில் வந்ததா, மீடியன் இடைவெளியில் திடீரென்று திரும்பியதா, மூன்று பேர் அமர்ந்திருந்தார்களா? பைக்காரர் பக்கம் கவனக்குறைவு இருந்தால், நீங்களும் அந்த பைக்கின் உரிமையாளர் மீதும் அதன் இன்ஷூரன்ஸ் மீதும் தனியாக எம்.சி.ஓ.பி. போடலாம். அந்த பைக்கைப் பொறுத்தவரை நீங்கள்தான் மூன்றாம் நபர். இருவரிடமும் தவறு என்றால் விகிதம் பிரித்து, அவரவர் பங்கைக் கழித்துக் கொடுப்பார்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும், அது நாளாக ஆக அழியும். மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியை முதலில் வாங்குங்கள். விபத்துப் பதிவேட்டில் டியூட்டி டாக்டர் எழுதும் அந்த நாலு வரிக்கு, ஆறு மாதம் கழித்து வக்கீல் எழுதும் நாற்பது பக்கத்தைவிட மதிப்பு அதிகம். "வண்டியிலிருந்து தானாக விழுந்தார்" என்று அதில் இருந்தால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. அடுத்தது டிராவல்ஸ்காரரின் ஜி.பி.எஸ். பதிவு. உங்கள் வேகம், பிரேக் போட்ட நேரம் எல்லாம் அதில் இருக்கும். அவர்களுக்குச் சாதகமென்றால் எடுத்து வீசுவார்கள், உங்களுக்குச் சாதகமென்றால் அழிந்துவிட்டது என்பார்கள். ஆகவே அந்த நாளின் முழுப் பதிவையும் பாதுகாத்து வைக்கும்படி இன்றே ஈமெயில் அனுப்புங்கள். பரனூர், ஆத்தூர் டோல்கேட்டுகளின் ஃபாஸ்டேக் நேரங்களும் நீங்கள் பறந்து வரவில்லை என்று காட்ட உதவலாம். கணினிப் பதிவு எதையும் கோர்ட்டில் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்று கூட வேண்டும்.

பிரேக் பிடிக்கவில்லை, டயர் மொட்டையாக இருந்தது என்று சந்தேகம் இருந்தால், மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்க்கும்போதே அதை எழுத்தில் கொடுங்கள். "விபத்து இயந்திரக் கோளாறால் நிகழ்ந்ததல்ல" என்ற வரி அந்த அறிக்கையில் ஏறிவிட்டால், அதற்கு அப்புறம் அழுது பயனில்லை. கோளாறு நிரூபணமானால் ஆட்டமே மாறும். குறையுள்ள வண்டியைக் கொடுத்தவர்தான் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

போலீஸ் வழக்கைப் பற்றிச் சுருக்கமாக. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (கண்மூடித்தனமான ஓட்டுதல்), கொடுங்காயம் என்பதால் 125(பி) இரண்டும் போட்டிருப்பார்கள். அதிகபட்சம் மூன்று ஆண்டு, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தகவல் சொல்லி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவின் கடமை முடிந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: "ஒப்புக்கொண்டு ஃபைனைக் கட்டிவிடலாம் சார், ஒரே நாளில் முடிந்துவிடும்" என்று கோர்ட் வாசலில் யோசனை சொல்வார்கள். அந்த ஒப்புதலின் நகல் அடுத்த மாதமே எம்.சி.ஓ.பி. கட்டில் உங்களுக்கு எதிரான ஆவணமாக உட்கார்ந்திருக்கும். ஸ்டேஷனில் வைத்து அடிபட்டவர் வீட்டாருக்கு ரூ.20,000 கொடுத்து ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்குவதும் அப்படியே. மனிதாபிமானத்தில் செலவுக்குக் கொடுங்கள், வங்கி வழியாகக் கொடுங்கள். ஆனால் அந்தத் தாள் தீர்ப்பாயத்தின் கதவை அடைத்துவிடும் என்று நம்பாதீர்கள். சிகிச்சைக்கு, தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவசம். 2025 மே மாதம் வந்த மத்தியத் திட்டத்தில் ஏழு நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு.

இனி அந்த ரூ.1,85,000. டிராவல்ஸ்காரர் எப்படிக் கணக்குப் போட்டார் என்று கேட்காமல் ஒரு பைசா தராதீர்கள். காருக்கு முழுக் காப்பீடு இருந்தால், ரிப்பேருக்கு அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளைம் போட்டிருக்க வேண்டும். சர்வேயர் வந்து பார்த்து மதிப்பிட்டிருப்பார். கிளைம் எண், சர்வேயர் அறிக்கை, ஒர்க்‌ஷாப்பின் இறுதி பில், இன்ஷூரன்ஸ் கொடுத்த தொகை ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். இன்ஷூரன்ஸிடம் ரூ.1,40,000 வாங்கிக்கொண்டு, அதே பம்பருக்கும் பானெட்டுக்கும் உங்களிடம் இன்னொரு முறை வசூலிப்பதுதான் இந்தத் தொழிலின் சத்தமில்லாத லாபம். உண்மையில் அவர் கையைவிட்டுப் போனது என்ன? பாலிசிப்படி அவரே ஏற்க வேண்டிய சிறு தொகை, உதிரிபாகத் தேய்மானக் கழிவு, டோவிங் செலவு. இவற்றைக் கேட்டால் நியாயம்.

கார் ஓடாத நாட்களுக்கு வாடகை என்பது தகராறான இனம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவு, ஆய்வு முடிந்து நடைமுறைகள் தீர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித்தரச் சொல்கிறது. உரிமையாளர் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு ஸ்டேஷனுக்குப் போகாமல் மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டு அந்த நாட்களையும் உங்கள் கணக்கில் எழுத முடியாது. ஒப்பந்தத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அனுமதிப்பது நியாயமான இழப்பீட்டைத்தான். அச்சிட்ட தொகை அதற்கு உச்சவரம்பு, அவ்வளவே.

அவர் இறங்கி வரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். டெபாசிட்டைப் பிடித்து வைப்பதும் இரட்டை வசூலும் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக முறை. மாவட்ட ஆணையத்தில் போடலாம், அதுவும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நீங்கள் கட்டிய வாடகை ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. "எங்கள் தகராறுகள் பெங்களூரு நடுவர் மன்றத்தில் மட்டுமே" என்று ஒப்பந்தத்தில் இருந்தால் மிரள வேண்டாம். நடுவர் மன்ற ஷரத்து நுகர்வோர் வழக்கைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்திருக்கிறது. ஆனால் ஒப்பந்த ஷரத்தே நியாயமற்றது, அதை ரத்து செய்யுங்கள் என்று கேட்பதாக இருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். உங்களுக்கு அது தேவைப்படாது. மாவட்ட ஆணையத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழக்குக்கு முன் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து பார்க்கலாம். பெயருக்கு அஞ்சும் பெரிய கம்பெனிகள் அதற்கே பணிவதுண்டு, சின்ன டிராவல்ஸ்கள் பணிவதில்லை.

செக் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அது கடனுக்காகக் கொடுத்ததல்ல, பாதுகாப்புக்காகத் தொகை எழுதாமல் கொடுத்தது, ரூ.1,85,000 கடன் எதுவும் நான் ஏற்கவில்லை என்று ஸ்பீடு போஸ்டில் இப்போதே கடிதம் அனுப்புங்கள். பிறகு வங்கியில் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் தொகையை நிரப்பிப் போட்டு, செக் திரும்பி, செக் மோசடி வழக்குகளுக்கான நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 138ஆம் பிரிவு நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் பதில் போயாக வேண்டும். செக் கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றுதான் சட்டம் முதலில் அனுமானிக்கும். அதை உடைக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. அந்த நேரத்தில் இந்தக் கடிதம் கைகொடுக்கும்.

கடைசியாக, தலையில் தையல் போட்ட உங்கள் நண்பர். கேள்வியில் அவரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. ஆனால் உங்கள் காரில் இருந்தவர்களில் சட்டப்படி நல்ல நிலையில் இருப்பவர் அவர்தான். அவர் ஓட்டவில்லை, அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. காருக்கு பேக்கேஜ் பாலிசி (முழுக் காப்பீடு) இருந்தால் உள்ளே பயணித்தவருக்கும் அது பொருந்தும். யார் தவறு என்ற சிக்கல் இருப்பதால் கார், பைக் இரண்டின் இன்ஷூரன்ஸையும் அவர் சேர்க்கலாம். மனுவில் உங்களை எதிர்மனுதாரராகப் போட வேண்டியிருக்கும் என்பதால் அவர் கூச்சப்படுவார். "நண்பன் மேலேயே கேஸா?" என்று வீட்டிலும் சொல்வார்கள். பணம் தரப்போவது இன்ஷூரன்ஸ் என்பதை நீங்களே அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் இருவர் நலனும் தீர்ப்பாயத்தில் மோதும் என்பதால் அவருக்கு வேறு வக்கீல் இருப்பது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3)இன்படி விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. அந்தக் கெடுவை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. காலம் கடந்தது என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்திருக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போடாமல், அவரும் நீங்களும் ஆறு மாதத்துக்குள்ளேயே தாக்கல் செய்துவிடுங்கள்.